அண்ணனும் இருமுகிற பெட்ரோல் காரும்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி அண்ணியும் பிள்ளைகளும் கேட்டார்கள். வீட்டில் பேனா பிடித்துப் பழகியவள் நான் ஒருத்திதான் என்பதால், கல்யாணமானாலும் கருமாதியானாலும் எழுத்து வேலை என் தலையில்தான் விழும். இந்த ஒரு வருடமாக எனக்கு ஒரே அசதி. உட்கார்ந்தால் எழ மனம் வருவதில்லை. ஆனாலும் வேறு யாராவது எழுதி, "பண்பாளர், பாசமிகு தந்தை" என்று இரண்டு வரியில் அண்ணனை முடித்துவிட்டால் அதை என்னால் தாங்க முடியாது.

அண்ணன் பிறந்தது பத்து காஜா ஊரை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. அப்பா காலமானதும் அண்ணன் பள்ளியை விட்டு நின்றார், என்னை மட்டும் நிற்க விடவில்லை. மீசை அரும்பும் வயதிலேயே ஈயக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். குளத்தில் மிதந்தபடி மண்ணை வாரி ஈயம் எடுக்கும் அந்தப் பெரிய இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவராகத் தொடங்கி, இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டராக உயர்ந்தார். எழுபதுகளில் அண்ணியைக் கைப்பிடித்தார். அண்ணியும் பால்மரம் வெட்டிய பெண்தான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது எல்லோருமாக ஈப்போ நகரை ஒட்டிய சிலிபினுக்குக் குடிவந்தோம்.

பிறகு ஈய விலை விழுந்தது. கப்பல் நின்றது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர், அண்ணன் கையில் ஒரு காரைக் கொடுத்துவிட்டுப் போனார். கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே ஓட்டுகிற கார் அது. விளையாட்டுக் கார்தான், ஆனால் நிஜப் பெட்ரோல் குடிக்கும். கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்க வேண்டும்.

"வேலையப் புடுங்கிக்கிட்டு வெளையாட்டுச் சாமான் குடுத்து அனுப்பிருக்கான் பாருங்க" என்றார் அண்ணி. அந்தக் காரைப் பற்றி அவர் குறைபட்டது அதோடு சரி.

அண்ணன் ஏறி இறங்காத பட்டறை இல்லை. ஈப்போ முழுக்க வேலையிழந்த பிட்டர்கள்தான் அலைந்தார்கள். அண்ணி தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலைக்குப் போனார். வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் லீவு. குடும்பம் அந்தச் சம்பளத்தில் ஓடியது.

அப்போதுதான் ஈப்போவில் இந்த மாதிரி கார்களை விற்கும் சீன முதலாளி, தவுக்கே ஒருவர் தம் கடைக்குப் பழுது பார்க்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு அண்ணன் போனார். தவுக்கே மலாயில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு உன் காரைக் கொண்டு வா, டேங்க் காலியாகும்வரை என் முன்னால் ஒரே சீராக ஓட்டிக் காட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வா என்றாராம்.

அந்த ஞாயிறு நாங்கள் எல்லோரும் திடலுக்குப் போனோம். கார் நன்றாகத்தான் கிளம்பியது. பாதி சுற்றில் இருமியது. பாய்ந்தது, மறுபடி இருமியது, கடைசியில் தவுக்கேயின் காலடியிலேயே நின்றுவிட்டது. அண்ணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தவுக்கே நல்லவர். அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை பார்ப்போம், அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்றார்.

அந்த வாரம் முழுவதும் அண்ணன் வாசலில் காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கணவர் எட்டிப் பார்த்து, "இப்படியே போனா அக்கா வேல செய்யிற எடத்துக்கே உங்களையும் அனுப்பிடுவாங்க மச்சான்" என்று கேலி செய்தார்.

"அங்க போனாலாவது சோறு போடுவான் லா" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமலே.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். வெளுத்திருந்தது. பெட்ரோல் போதாமல் காய்கிற இன்ஜினுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார். புதுப் பிளக் போட்டார். பெட்ரோல் போகும் குழாயை மாற்றினார். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்குமோ என்று ஊசியால் குத்திப் பார்த்தார். கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் திறந்தால் கொஞ்ச நேரம் சரியாகும், மறுபடி இருமும். வெள்ளைக்காரர் ஓட்டிக் காட்டியபோது பிசகே இல்லாமல் ஓடிய கார் எங்கள் வீட்டுக்கு வந்து ஏன் இப்படி ஆனது என்று அவருக்கு விளங்கவில்லை. சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது.

இரண்டாவது ஞாயிறு காலையில் நான்தான் அண்ணனுடன் முதலில் திடலுக்குப் போனேன். அண்ணி பிள்ளைகளோடு பின்னால் வருவதாக ஏற்பாடு. தவுக்கேயும் இன்னும் வந்திருக்கவில்லை. அண்ணன் கோல்கம்பத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, போத்தலிலிருந்த பெட்ரோலை மெல்லிய கம்பிவலை வழியாக வேறொரு போத்தலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணி வடிகட்டித்தானே குடுத்தாங்க?" என்றேன்.

தோட்டத்தில் ரப்பர் பாலை வடிகட்டாமல் ஊற்றவே மாட்டார்கள். மரப்பட்டை, இலை, தூசி எல்லாம் கிடக்கும். அந்தப் பழக்கம் அண்ணியை விடவே இல்லை. சமையல் எண்ணெய், குடிதண்ணீர், எதுவானாலும் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவார். பெட்ரோலையும் டூ-டி இன்ஜின் எண்ணெயையும் கலந்து, தம் பழைய மாம்பழ நிறச் சேலையை நாலாக மடித்து வடிகட்டிப் போத்தலில் நிரப்பித் தருவார்.

அண்ணன் விரல் நுனியைக் காட்டினார். அதில் மாம்பழ நிறத்தில் ஒரு சிட்டிகைப் பஞ்சு.

"கார்புரேட்டருக்குள்ள ஒரு சின்ன வலை இருக்கு. நேத்துதான் கழட்டிப் பாத்தேன். அதுல அப்பிக் கெடந்துச்சு. சேல நூலு. டேங்குல பில்டர் இருந்தா தடுத்திருக்கும், இந்தப் பழைய கார்ல அது இல்ல."

"அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"வேலையில்லாத மனுசனுக்கு ஒரு வார்த்த கோவிச்சுக்காம சோறு போடுறவ. போன வாரம் கார் நின்னதுக்கு நீதான் காரணம்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? விடு தங்கச்சி. அவ வடிகட்டட்டும். நான் இன்னொருக்கா வடிகட்டிக்கிறேன்."

அன்று கார் டேங்க் காலியாகும்வரை ஒரே சத்தத்தில் ஓடியது. என்ன கோளாறு என்று தவுக்கே கேட்டார். கார்புரேட்டரில் அழுக்கு, நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும் என்றார் அண்ணன். மறுநாள் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணி திடலிலேயே கைகூப்பிச் சாமி கும்பிட்டார்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் கடைக்காகத் திடலில் கார் ஓட்டிக் காட்டுவது அண்ணன் வேலை. அண்ணி விடியற்காலையில் எழுந்து வடிகட்டிக் கொடுப்பார். அண்ணன் போத்தலை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னதாகவே திடலுக்குக் கிளம்பிவிடுவார். நெஞ்சுவலி வந்து படுத்த வாரம்வரை இப்படித்தான் நடந்தது.

அண்ணன் படுத்திருந்தபோது முறைவைத்து வந்து பார்த்துக்கொண்ட சிலிபின் அண்டைவீட்டாருக்கும், இறுதி ஊர்வலத்தன்று கடையை அடைத்துவிட்டு வந்து நின்ற தவுக்கேக்கும், சடங்குகளை முன்னின்று நடத்திய என் கணவருக்கும், சமையற்கட்டை விட்டு நகராத தோட்டத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விட்டுப்போனவர்கள் என் அசதியை மன்னிக்க வேண்டும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். கோல்கம்பத்துக் கதை வந்தபோது வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன் என்றேன். ஒரு வருடமாக அழாத அண்ணி அன்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார்.

"எடுக்காத, போடு" என்றார். "பாவி மனுசன். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா ஞாயித்துக்கிழமையாவது நான் தூங்கிருப்பேன். அவரும் செத்த நேரம் எம்பக்கத்துல படுத்திருப்பாரு லா."