துடைக்காத ஏழு நாட்கள்

என் நாத்தனாரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் ஈரத்துணி. தோளில் எப்போதும் ஒரு ஈரத்துணி கிடக்கும்; பேசிக்கொண்டிருக்கும்போதே கை போய் எதையாவது துடைக்கும். ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் என் முழங்கையையும் துடைத்துவிட்டாள்.

அவள் பார்க்கும் வேலையும் அதுதான். ஊரின் மேட்டுப் பக்கத்தில், ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் படிகளும் ஜன்னல்களும் அவள் பொறுப்பு. அங்கே திங்கட்கிழமை துடைத்தால் அடுத்த திங்கள்வரை தாங்கும். எங்கள் பள்ளத்துத் தெருவிலோ காலையில் துடைத்த ஜன்னல் மதியத்துக்குள் கருத்துவிடும். தெருக்கோடியில் பழைய இரும்பை உருக்கும் ஆலை இருக்கிறதே! முதலில் அதை மேட்டில்தான் கட்டப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள், ஆலை இறங்கி எங்களிடம் வந்துவிட்டது. நாங்கள் நாற்பது கடிதம் எழுதினோம், ஒரு செங்கல் நகரவில்லை. காற்றை அளக்கும் கருவியும் மேட்டுப் பூங்காவில்தான் நிற்கிறது. இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஈரத்துணியின் மகளுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்து மூச்சிளைப்பு. நாலு படி ஏறினால் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

நாற்பத்தோராவது கடிதத்துக்குப் பதில் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் நேரில் வந்து, புகை படிகிறதா என்று வீடு வீடாகப் பார்ப்பாராம். அங்கேதான் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம். "பள்ளத்து ஆளுங்க அழுக்கா இருப்பாங்கன்னு மேட்டுல ஒரு அம்மா என் காதுபடச் சொன்னாங்க அண்ணி. வர்றவர் அப்படி நினைக்கக் கூடாது" என்றாள் ஈரத்துணி. விடிவதற்குள் தெருவையே எழுப்பிவிட்டாள். சுவர், கதவு, கூரைத் தகரம், செடியின் இலைகூட விடவில்லை. நானும் மாங்கு மாங்கென்று தேய்த்தேன்! அதிகாரி வந்தார், விரலால் தடவிப் பார்த்தார், விரல் பளிச்சென்று இருந்தது. "வீடுகள் மிகத் தூய்மை. புகாருக்கு ஆதாரம் இல்லை" என்று எழுதினார். பத்து நாள் கழித்து இன்னொரு முறை வருவார்; அப்போதும் இல்லையென்றால் புகாரை மூடிவிடுவார்.

ஈரத்துணி அன்று சாப்பிடவில்லை. "என் பொண்ணு தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே" என்று அழுதாள். எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் பாதி, என்மேல் பாதி. கடைசியில் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவெடுத்தோம். அதிகாரி வருவதற்கு முந்தைய ஏழு நாள் தெருவில் யாரும் எதையும் துடைக்கக் கூடாது!

குழந்தையை என் தம்பி வீட்டுக்கு அனுப்பினோம். ஈரத்துணி தன் துணிகள், வாளி, பிரஷ் எல்லாவற்றையும் என்னிடம் ஒப்படைத்தாள். நான் அலமாரியில் பூட்டி, சாவியை என் மாமியாரிடம்கூடக் காட்டவில்லை.

முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் நான் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அலமாரித் தட்டுக்கு நேரே குனிந்து கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"துடைக்கல அண்ணி. ஊதத்தான் பார்த்தேன்."

"ஊதினாலும் துடைச்ச மாதிரிதான்! வா வெளியே!"

ஆறாம் நாள் தெருப் பெண்கள் ஒருவரையொருவர் காவல் காத்தார்கள். பொறுக்க முடியாமல் வாசலைப் பெருக்கப்போன கோடி வீட்டுத் தையல்காரம்மாவின் துடைப்பத்தை நாலு பேர் பிடுங்கினார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆனால் அலமாரித் தட்டுகளைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். மை கொட்டிய மாதிரி இருந்தது.

ஏழு நாளும் முடிந்து எட்டாம் நாள் காலை அதிகாரி முதலில் ஈரத்துணி வீட்டுக்கு வந்தார். நாற்காலியைப் பார்த்தார், முகம் சுளித்தார், பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப்போனார்.

"சார், துடைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஈரத்துணி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வாழ்நாளில் அவள் சொல்லி நான் கேட்காத வார்த்தை அது! மனிதர் அரண்டு போய்விட்டார்.

பிறகு நின்றபடியே ஜன்னல் விளிம்பில் ஒட்டும் தாளை அழுத்தி எடுத்தார். தாள் கன்னங்கரேலென்று வந்தது. அடுத்த வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும் அதே கறுப்பு. திரும்பி வந்து கேட்டார்.

"எத்தனை மாசமா படிஞ்சதும்மா இது?"

"ஏழு நாள் சார்."

"ஏழே நாளா?"

"ஏழே நாள்தான். என் பொண்ணு இங்க எட்டு வருஷமா மூச்சு விடுறா."

அவர் பழைய குறிப்பை ஒரே கோடாக அடித்துவிட்டு, அதற்குக் கீழே அவள் சொன்னதை அப்படியே எழுதினார். "அளக்குற கருவிய உங்க தெருவுல வைக்கச் சொல்லி இன்னைக்கே எழுதறேன்" என்றார். நான் போட்ட சத்தத்தில் தெருவே ஓடி வந்தது.