நைனாவின் கட்டைவிரலும் ஒரு டியூப் புரதமும்

எனக்கு ஒரு விஷயம் பிடித்துப்போனால் வாய் சும்மா இருக்காது. விலங்கியல் படித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை முதல் மாலை வரை ஊரார் சர்க்கரையை அளந்துகொண்டிருப்பவள் நான். கல்லூரியில் படமாக மட்டும் பார்த்த ஒரு புரதம் டியூபில் அடைபட்டு என் வீட்டுக்கே வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? தலைகால் புரியவில்லை. கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னேன். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

நைனா, அதாவது என் அப்பா, பஸ் டிரைவர். எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகிற தனியார் பஸ். சீட்டுக்கு முன்னால் அங்காளம்மன் படம் இருக்கும். அம்மனுக்கு எதிரே செருப்புக் காலோடு உட்காரக் கூடாது என்று அந்த ரூட்டில் சில டிரைவர்கள் வைத்திருக்கும் வழக்கம் நைனாவுக்கும் உண்டு. ஏறியதும் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிடுவார். வண்டியோ பழசு. எஞ்சின் சூட்டில் ஆக்சிலரேட்டர் பக்கத்துத் தகடு தோசைக்கல் மாதிரி காயும். சர்க்கரை வந்து பல வருஷமாகி மரத்துப்போன கால் அது. சூடும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. சித்திரை வெயிலில் வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் கொப்பளம் எழும்பி, உடைந்து, குழிப்புண்ணாகிவிட்டது. வீட்டுத் தரையில் ரத்தக்கறையைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

"உன் காலை நீயே திருப்பிப் பாக்க மாட்டியா நைனா?" என்று கத்தினேன்.

"வலிச்சாதானே பாப்பா, பாக்கறதுக்கு" என்றார்.

புதுச்சேரியில் டாக்டரம்மாவிடம் போனோம். புண் எலும்பு வரை போகவில்லை என்றார். செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்தார். இன்சுலின், தினமும் கட்டு மாற்றுவது, காலை ஊன்றாமல் இருப்பது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "ஒரு மாசத்துல இது சுருங்க ஆரம்பிக்கலன்னா விரலை எடுக்கறதப் பத்தி யோசிக்க வேண்டி வரும்" என்றார். கட்டைவிரல் போனால் பெடலை எதை வைத்து அழுத்துவார்? நைனா முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் டாக்டரம்மா ஒரு களிம்பை எழுதிக் கொடுத்தார். எபிடெர்மல் குரோத் ஃபேக்டர்! மேல்தோலை வளரச் சொல்லும் காரணி. மருந்துக்கடையில் ஐஸ் பையோடு அதைக் கையில் வாங்கியபோது, தேர்வில் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியது ஞாபகம் வந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும், வெளியே வைத்தால் கெட்டுவிடும், ஃப்ரீசரில் உறையவும் கூடாது என்று கடைக்காரர் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நைனாவுக்குப் பாடமே எடுத்தேன். இது உடம்பு தானே செய்துகொள்கிற புரதம். தோல் செல்லின் மேல் இதற்கென்றே ஓர் ஏற்பி காத்திருக்கும். புரதம் போய் அதில் ஒட்டினால் செல்லுக்குள் செய்தி ஓடும்: பிரிந்து பெருகு, நகர்ந்துபோய்ப் பள்ளத்தை மூடு. இதை முதலில் கண்டுபிடித்ததே ஒரு கூத்து. எலியின் எச்சில் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிக்கு ஊசி போட்டார்கள். குட்டி நாள் கணக்கை மதிக்காமல் சீக்கிரமே கண்ணைத் திறந்துவிட்டது! இமையின் தோல் அவ்வளவு வேகமாக வளர்ந்திருக்கிறது. அதே செய்தி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் புற்றுநோய்க்கும் வழிவிடும். அதனால்தான் டாக்டரம்மா மெல்லிசாகப் பூசச் சொன்னார்.

"எலி கண்ணு தொறந்துச்சு, சரி. என் புண்ணு மூடுமா?" என்றார் நைனா. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தினமும் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் கட்டு மாற்றுவேன். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் புண்ணின் அடிப்பகுதி சிவந்து மேலே எழும்பியது. ஓரத்தில் நூல் போல ஒரு வெளிர் ரோஜா நிறம். "அம்மா, ஓடி வா! தோல் நகருது!" என்று போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "அந்த மருந்துல இன்னாதாண்டி இருக்குது?" என்று கேட்டாள். எனக்கு இருந்த குஷியில், "மனுஷ உடம்புல இருக்கற புரதம்மா அது! மனுஷங்களோடதே!" என்றேன். அவள் முகம் போன போக்கை நான் கவனிக்கவில்லை.

அடுத்து அமாவாசை வந்தது. அமாவாசைக்கு எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜும் விரதம் இருக்கும். முட்டை, மீன்குழம்பு எல்லாம் வெளியே போய், உள்ளே மஞ்சள் தண்ணீரால் துடைத்து, மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கொண்டுபோகிற எலுமிச்சை மாலையும் பாலும் மட்டும் குடியேறும். அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, பேண்டேஜ் துணியை எடுத்து வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் டியூப் இல்லை. மாலையும் இல்லை, அம்மாவும் இல்லை. மத்தியானமே ஸ்பெஷல் பஸ் ஏறியிருந்தாள்.

"உங்கம்மா காலைல ஃப்ரிட்ஜக் கழுவுனா. எதையோ எடுத்துக்கினு வெளிய போனா" என்றார் நைனா. ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, வெளியே போகிற ஒவ்வொரு ஸ்பெஷல் பஸ்ஸின் ஹாரனையும் கேட்டு ஓட்டுவது யார் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அலமாரி, அரிசி டப்பா, ஜன்னல் மேடை எல்லாம் தேடினேன். அந்த வெயிலில் காலையிலிருந்து வெளியே கிடந்தால் எல்லாம் போச்சு. அம்மாவுக்கு போன் போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் எடுத்தாள். பின்னால் கோயில் பம்பை மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"அதுவா? பிரியாணிக் கடை பாய்கிட்ட குடுத்துட்டேன்."

"எதுக்கும்மா?"

"மனுஷ சதைன்னு நீதானடி சொன்ன! அம்மன் மாலைக்குப் பக்கத்துல அத வெப்பாங்களா? அவங்க பொட்டியில கறிதான் இருக்குது. அங்க வெச்சா ஒண்ணும் தோஷமில்ல."

"மயானத்துல எலும்பக் கடிக்கிற சாமிக்கு ஒரு டியூபு தீட்டா?" என்று கத்தினேன்.

"சாமிய இழுக்காத!" என்றாள். லைன் கட்டாகிவிட்டது.

கறிப்பெட்டி என்றால் ஃப்ரீசர். உறைந்தால் அந்தப் புரதத்தை நம்ப முடியாது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். அந்த நேரத்தில் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, ரோடெல்லாம் மலையனூர் போகும் கூட்டம். எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்ததும், அதன் டிரைவர் திட்டியதும் பாதிதான் காதில் விழுந்தன.

பாய் கல்லாவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். "இன்னா பாப்பா, இப்டி ஓடியாற?"

"டியூபு, பாய்! அம்மா குடுத்த மருந்து! ஃப்ரீசர்லயா வெச்சீங்க?"

"அதுலதான் வெக்கச் சொல்லிச்சு உங்கம்மா" என்றபடி ஃப்ரீசரின் மூடியைத் தூக்கிக் காட்டினார். எனக்கு உயிரே நின்றுவிட்டது. விளிம்பு வரை கறிப் பொட்டலங்கள். "ஆனா எடம் எங்க இருக்குது? அமாவாசைன்னு ஒருத்தரும் பிரியாணி பக்கம் வரல. வாங்குன கறி அப்டியே கெடக்குது. அதான் கூல் டிரிங்ஸ் பொட்டில வெச்சுட்டேன். தப்பா?"

கலர் பாட்டில்களுக்கு நடுவே என் டியூப் சமத்தாக நின்றிருந்தது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. "தப்பே இல்ல பாய்!" என்று நான் குதித்த குதியில் பாட்டில்கள் கிடுகிடுத்தன. ஆபத்தைக் கொண்டு வந்ததும் அமாவாசைதான், அதைத் தடுத்ததும் அமாவாசைதான்.

மறுநாள் காலை அம்மா குங்குமத்தோடு வந்து இறங்கினாள். உட்கார வைத்துச் சொன்னேன். இது சதை இல்லை. பாக்டீரியாவை வைத்துச் செய்கிறார்கள். ஆனால் இதே புரதம் அவள் எச்சிலில் இருக்கிறது, கண்ணீரில் இருக்கிறது. அவள் எனக்குக் கொடுத்த பாலிலும் இருந்தது.

"எங்கிட்டயும் இருக்குதா?" என்றாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ப் பால் பாத்திரத்தை நகர்த்தி டியூபுக்கு இடம் செய்தாள்.

மாசக் கடைசியில் டாக்டரம்மா புண்ணை அளந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. விரலை எடுக்க வேண்டாம்! மருந்து மட்டும் காரணமில்லை, இவர் காலை ஊன்றாமல் பொறுமையாக உட்கார்ந்திருந்ததும் காரணம் என்றார். ஆடி முடிவதற்குள் முழுசாக மூடிவிட்டது. ஷூ போட்டுக்கொண்டால் வண்டி ஓட்டலாம் என்று உத்தரவும் கிடைத்தது. நைனா எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தரையில் உட்கார்ந்து, நாற்காலியில் இருந்த நைனாவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். புண் இருந்த இடத்தில் குழந்தையின் தோல் மாதிரி இளசாக, பளபளவென்று ஒரு வட்டம். அதன் மேல் விரலால் மெதுவாகத் தடவினாள். நைனா ஜன்னல் பக்கம் திரும்பி, நாளைக்கு முதல் டிரிப் எத்தனை மணிக்கு என்று போனில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும், "இன்னா, பாத்துக்கினே இருக்கற? தொட்டுத்தான் பாரேன்" என்றார்.

அம்மாவின் விரல் நின்றது. என் புரதத்துக்குத் தோலை மூடத் தெரியும். செத்த நரம்பை எழுப்புவது அதனால் ஆகாது.

"தொட்டுக்கினுதான் இருக்கேன்" என்றாள் அம்மா. அவர் சட்டென்று குனிந்து பார்த்தார். அவள் காலை விடவில்லை. "உனக்குத் தெரியலன்னா இன்னா? எனக்குத் தெரியுது. வண்டி விட்டு வந்ததும் தெனம் இப்டி நீட்டு, நான் பாக்கறேன்."