ஆடித்தபாலும் இசக்கிசெல்வியும்

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் இசக்கிசெல்வி வேலை பார்க்கிறாள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோர் அவள் மேசைக்கு முன்னால் வந்ததும் தங்களையறியாமல் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். தலைமை ஆசிரியருக்கே விடுப்பு வேண்டுமென்றால் முதலில் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

அப்படிப்பட்டவள் கல்லூரியில் படிக்கும்போது 'உருமாத்தி' என்று ஒரு மென்பொருள் எழுதினாள். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை, எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்றும். யூனிகோடில் இருப்பதைப் பழையதற்கும் மாற்றும். அவ்வளவுதான் அதன் வேலை. எழுதியதை இணையத்தில் திறந்து வைத்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். சம்பளம் கிடையாது. ஒழுங்காக ஓடினால் யாரும் நன்றி சொல்வதில்லை. நின்றுபோனால் மட்டும் மலேசியாவிலிருந்துகூட வசவு வரும்.

புதிதாக எதையாவது சேர்க்கச் சொல்லி வருகிற கோரிக்கைகளுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "வேண்டாம்." முற்றுப்புள்ளியோடு. பெண் பார்க்க வந்த மூன்று குடும்பங்களும் வாங்கிச் சென்ற அதே பதில்.

செல்வக்குமாருக்கு அந்தப் பதில் மனப்பாடமாகியிருந்தது. சிவகிரிக்காரன், சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. வாரக் கடைசியில் ஊர் சுற்றாமல் உருமாத்திக்கு நிரல் எழுதி அனுப்புகிற விசித்திரப் பிறவி. கருப்புத் திரை வேண்டும் என்பான். குரலில் பேசினால் எழுத வேண்டும் என்பான். கடைசியாக, எழுத்துப்பிழையை அகராதி பார்த்துத் தானே திருத்தும் வசதி ஒன்றை எழுதி அனுப்பினான்.

"எக்கா, மக்கள் கேக்காங்க," என்றான் போனில்.

"எந்த மக்க?"

"டெலிகிராம் குரூப்ல கேட்டேன். எல்லாரும் வேணும்னுட்டாங்க."

"இலவசமா யானை வேணுமான்னு கேட்டாலும் வேணும்னுதான் சொல்லுவாங்க. கட்டிப்போட எடம் இருக்கான்னு எவன் யோசிக்கான்?"

"நீங்க இப்படியே இருந்தா இதை ஒருநா மியூசியத்துல வச்சிருவாங்கக்கா. ஒண்ணுமே மாறக்கூடாதுன்னா ஓபன் சோர்ஸுன்னு எதுக்கு வச்சிருக்கீங்க? பூட்டிட்டுப் போங்க."

இது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று பள்ளியில் ஆய்வு அதிகாரி வேறு வந்து உயிரை எடுத்திருந்தார். இவனோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. "சரி, போட்டுத் தொலை," என்று சொல்லிவிட்டாள். அவன் அனுப்பியதை முழுதாகப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. புதிய பதிப்பு வெளியானது. குரூப்பில் கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. அவளுக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. ஒருநாள் மத்தியானம் பிளக்ஸ் கடை மைதீன் பாட்சா பள்ளிக்கூடத்துக்கே வந்து நின்றான். ஆரம்பத்திலிருந்தே உருமாத்தியை வைத்துத் தொழில் செய்கிறவன். வாட்ஸ்அப்பில் வரும் வாசகத்தை அதில் போட்டுப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி அப்படியே பேனரில் ஏற்றிவிடுவான்.

"எக்கா, கொஞ்சம் வெளிய வாங்க."

"இங்கனயே சொல்லு."

"சொல்ல முடியாது. பாக்கணும்."

தெருமுனையில் அந்தப் பேனர் ஒரு வீட்டு மாடி உயரத்துக்கு நின்றது. அம்பாள் படம், பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி வரிசையாகப் பிரமுகர்கள், மேலே தங்க நிற எழுத்தில்: 'ஆடித்தபால் திருவிழாவிற்கு வருகை தரும் பக்தர்களை வருக வருக என வரவேற்கிறோம்.'

ஊரின் பெரிய திருவிழா ஆடித்தபசு. அந்தத் தபசு என்ற சொல்லைச் செல்வக்குமாரின் அகராதி கேள்விப்பட்டதில்லை. பக்கத்தில் தபால் இருந்தது, பிடித்துப் போட்டுவிட்டது. பிரமுகர்களின் பெயர்களையும் விட்டுவைக்கவில்லை. இசக்கிமுத்து, 'இறக்கிமுத்து' ஆகியிருந்தார். பேனருக்குக் கீழே நின்று இரண்டு பேர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இறக்கிமுத்து அண்ணாச்சி கடைக்கே வந்துட்டாரு," என்றான் பாட்சா. "ஏம்ல, என்னைய எங்கல எறக்கினன்னு கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல?"

இசக்கிசெல்வி சிரிக்கவில்லை. பேனரை மறுபடியும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தாள். அவள் உள்ளுக்குள் ஒரு குளுமை பரவியதை மறைக்க முடியாது. தான் சொன்னது சரியாகிப்போனதில் உள்ள சுகம் அப்படி.

அன்று சாயங்காலமே புதிய பதிப்பை எடுத்துக் கடாசினாள். பழைய பதிப்பையே திரும்ப ஏற்றினாள். எல்லோர் கணினியிலும் அது தானாகவே பழையபடி ஆகிவிடும். குரூப்பில் பேனரின் படத்தைப் போட்டு, 'மக்கள் கேட்டது' என்று கீழே எழுதினாள். செல்வக்குமார் குரூப்பை விட்டே வெளியேறினான்.

இரண்டு நாள் நிம்மதியாகக் கழிந்தது. பிறகு கடையநல்லூரிலிருந்து மஹ்பூபா என்றொரு பெண் போன் செய்தாள்.

"எக்கா, உருமாத்தில பட்டன் எல்லாம் திரும்ப ஊமையாயிட்டு. நீங்கதான் எடுத்தீங்களா?"

"ஊமைன்னா?"

மஹ்பூபாவுக்குக் கண் தெரியாது. கணினி திரையில் உள்ளதை வாசித்துச் சொல்ல, அதைக் கேட்டுப் படிப்பாள். அரசுத் தேர்வுக்குத் தயாராகிறாள். பயிற்சி மையத்தில் தரும் பாடமெல்லாம் பழைய எழுத்துருவில் இருக்கும். கணினி அதை வாசித்தால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகக் காதில் கொட்டும். உருமாத்தியில் மாற்றினால்தான் தமிழாகும். ஆனால் அதன் பட்டன்களுக்குப் பெயரே கிடையாது. எதை அழுத்துகிறோம் என்று கணினி சொல்லாது. அதனால் தம்பியைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருந்தது. செல்வக்குமார் புதிய பதிப்பில் ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைத்திருந்தான். கொஞ்ச நாள் அவள் யாரையும் கூப்பிடவில்லை.

"போன வருசமே உங்ககிட்ட எழுதிக் கேட்டேன்க்கா. வேண்டாம்னு போட்டிருந்தீங்க. சரி, ஏதோ கஷ்டம் போலன்னு விட்டுட்டேன்."

பிழை திருத்தியோடு சேர்த்து இதையும் தூக்கிக் கடாசியிருக்கிறாள். படித்துக்கூடப் பார்க்காமல் சேர்த்தாள். படித்துக்கூடப் பார்க்காமல் எடுத்தாள்.

செல்வக்குமார் மூன்றாவது முறை அடித்தபோதுதான் போனை எடுத்தான்.

"பேனர் மேட்டர்னா வேண்டாம்க்கா. எங்கம்மாவே அனுப்பிட்டாங்க."

"ஏலே, பட்டனுக்குப் பேரு வச்சதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லுவீங்க?"

'வேண்டாம்' என்பதுதான் என்று இருவருக்கும் தெரியும்.

"அதைத் திரும்பப் போடணும்," என்றாள் கடைசியில். "நீயே போடு. அகராதியும் இருக்கட்டும், ஆனா மூடி வை. வேணுங்கிறவன் தொறந்துக்கிடட்டும். புதுசா என்ன எழுதினாலும் ஒரு மாசம் தனிப் பதிப்பா ஓடட்டும். அதுல அடிபட்டு எந்திரிச்சா எல்லாருக்கும் குடுப்போம்."

"யாரு அடிபடுவா?"

"நான் ஒருத்தி. பாட்சாவையும் கேக்கேன்."

பாட்சா முதலில் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தான். பிறகு கடையின் பழைய கம்ப்யூட்டரில் மட்டும் என்று ஒப்புக்கொண்டான். அந்த முதல் மாதத்திலேயே 'பூப்புனித நீராட்டு விழா' என்பதை அகராதி என்னவாக மாற்றியது என்று இங்கே எழுத முடியாது. நல்லவேளை, அச்சுக்குப் போகவில்லை.

பட்டன்களுக்குப் பெயர் திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை இசக்கிசெல்வி பஸ் ஏறிக் கடையநல்லூர் போனாள். மஹ்பூபாவின் கணினி மின்னல் வேகத்தில் ஏதோ படபடவென்று பேசியது. இவளுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

"இந்தப் பட்டனைக் கேளுங்க," என்று மஹ்பூபா வேகத்தைக் குறைத்து வைத்தாள்.

'சேமி' என்று சொல்ல வேண்டியதை அது 'சோமி' என்றது. செல்வக்குமார் வைத்த பெயரிலேயே எழுத்துப்பிழை. இசக்கிசெல்வி அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

"இன்னும் நாலஞ்சு கோளாறு இருக்குக்கா," என்றாள் மஹ்பூபா. "டீயைக் குடிங்க, ஒவ்வொண்ணா சொல்லுதேன்."