மாமனுக்கு ரெண்டு பாஸ்

மில்லர்புரத்துல பேச்சிச்செல்வி அக்காவத் தெரியாத ஆள் கிடையாது. எனக்குப் பக்கத்து வீடு. முன்பக்கம் அவ புருஷன் ஆவுடையப்பன் அண்ணாச்சியோட பலசரக்குக் கடை, பின்பக்கம் குடித்தனம். கல்லாவுல உக்காந்திருக்கது அண்ணாச்சி, கடைய நடத்துதது அக்கா. வாய் நீளந்தான், ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டா. அவளுக்கு ஜாக்கெட் தைக்கப் போய் பழகுனவ நான். எங்க ரெண்டு பேருக்கும் சண்டை வராத மாசமும் இல்ல, பேசாத நாளும் இல்ல.

அக்கா பொறந்த ஊரு விளாத்திகுளம் பக்கம். அப்பா சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டாரு. அண்ணன் சிவனாண்டிதான் கரிசக்காட்டுல மிளகா போட்டு அவள வளத்தாவ. தன் கல்யாணத்தத் தள்ளி வச்சுட்டு மொதல்ல இவளக் கட்டிக் கொடுத்தாவ. கடையில என்ன தகராறுன்னாலும் அக்கா போன் அடிக்குதது அண்ணனுக்குத்தான். 'எங்க அண்ணன்'னு ஆரம்பிச்சான்னா, நான் ஒரு ஜாக்கெட்டத் தச்சு முடிச்சு கொக்கி வைக்குத வரைக்கும் நிறுத்த மாட்டா.

இப்பிடி இருக்கையிலதான் மக ஐஸ்வர்யா கல்யாணம் வந்துச்சு. சென்னையில கம்ப்யூட்டர் வேலை பாக்குத பிள்ளை. முத்து பங்களாவுலதான் தாலி கட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னா. பீச் ரோட்டுல, அந்தக் காலத்துல முத்து ஏலம் விட்ட கட்டடம், இப்ப மியூசியம். முத்து சலிச்ச சல்லடை, நிறுத்த தராசு, முத்துக் குளிக்கவங்க கடலுக்குள்ள இறங்கப் பிடிச்ச கல்லு எல்லாத்தையும் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காவ. நடு முத்தத்தக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுதாவ.

சட்டதிட்டத்துக்குக் குறைச்சல் இல்ல. மேளம் கூடாது, ஹோமம் கூடாது, பாஸ் இல்லாம ஈ காக்கா உள்ள வரக் கூடாது. சாப்பாடு வேற மண்டபத்துல. நாங்க வாரது கல்யாணத்துக்கா, பரீட்சை எழுதவான்னு கேட்டேன். அக்காவுக்குச் சுள்ளுன்னு கோவம் வந்துட்டு. அவளுக்கும் ஆசைதான். இத்தன வருசமா கடைக்காரின்னு சொன்ன தெரு, ஒரு நாளாவது வாயப் பொளந்து பாக்கணும். அந்த ஆசைய நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

பாஸ் பங்கு வச்சதத்தான் என்னால ஜீரணிக்க முடியல. மாப்பிள்ளை வீட்டுக்குப் பாதி போச்சு. மக ஆபீஸ்காரங்களுக்கு ஒரு கத்தை. மிச்சத்த வீட்டுக்கு ரெண்டுன்னு வச்சா. அண்ணன் வீட்டுக்கும் ரெண்டு. தாய்மாமன் என்ன விருந்தாளியா? பங்காளி எல்லாம் சீர்த்தட்டு தூக்கி வர, மேளத்தோட வாரவன். அவன் வாசலுக்கு வந்ததும் கூடப் பொறந்தவ ஆரத்தி எடுத்து உள்ள கூட்டிட்டுப் போகணும். அவனுக்குத் தலைய எண்ணிச் சொல்லுததான்னு கேட்டேன். எங்க அண்ணன் தப்பா எடுத்துக்கிட மாட்டாவன்னு சொல்லிட்டா. விளாத்திகுளம் போய், வெத்தல பாக்கோட அந்த ரெண்டு பாஸையும் தட்டுல வச்சுக் கொடுத்துட்டு வந்தா. பாஸெல்லாம் ஊராருக்குத்தான், நமக்குச் சும்மா பேருக்குத்தான்னு அவிய நினைச்சிட்டாவ போல.

கல்யாணத்தன்னைக்கு நான் உள்ள போகப் பாஸ எடுக்குதேன், விளாத்திகுளத்து வேன் வந்து நிக்குது. பெரிய ஆளுக, பொம்பளைக, தட்டு தட்டா சீர். மேளக்காரன் ஒரு அடிதான் அடிச்சான், வாசல்ல நின்ன காவலாளி கையக் காட்டி நிறுத்திட்டாரு. ரெண்டு பேருக்குத்தான் அனுமதின்னு சொன்னாரு. அவரச் சொல்லி என்ன, அவரு வேலை அது. அக்காவுக்கு ஆள் அனுப்புனாவ. அவ பிள்ளைக்குப் பூ வச்சுக்கிட்டு இருந்தா. முகூர்த்தம் நெருங்கிட்டு. அண்ணனும் மதினியும் மட்டும் உள்ள வரட்டும், மத்தவுக நேரா சாப்பாட்டுக்குப் போகட்டும்னு சொல்லி விட்டுட்டா. எந்திரிச்சு வாசலுக்கு வரல. நாலு எட்டுதான், பாவி மக வரல.

வெயில்ல நின்ன பெரியவுக வேனத் திருப்பச் சொல்லிட்டாவ. சிவனாண்டி அண்ணாச்சி சத்தம் போடல.

"இருங்க. பிள்ளை மாமன் மாலை இல்லாம மணவறைக்குப் போகக் கூடாது."

மதினியும் மத்தவுகளோட நின்னுட்டாவ. அண்ணாச்சி மட்டும் மாலையத் தூக்கிட்டு உள்ள போனாவ. மருமக கழுத்துல போட்டு, கையப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வந்து, தாலி ஏறுனதும் அட்சதை போட்டுட்டு வெளிய வந்துட்டாவ. சீர்த்தட்ட மியூசியம் ஆளுக தூக்கிட்டு வந்து கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சாவ. ஆபீஸ்காரப் பிள்ளைக அதையும் காட்சிக்கு வச்சதுன்னு நினைச்சுப் போட்டோ எடுத்துச்சுக. வேன் சாப்பாட்டு மண்டபத்துக்கும் போகல.

பாத்தியா, அண்ணன் முகம் கோணல, பெரிய மனசுன்னு அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. பொங்கல் வந்துச்சு. வருசா வருசம் பொங்கப்படி, பொறந்த வீட்டுச் சீரு, எடுத்துக்கிட்டு சிவனாண்டி அண்ணாச்சிதான் நேர்ல வருவாவ. இந்த வருசம் பார்சல் ஆபீஸ்ல இருந்து போன். அரிசி, வெல்லம், பானை, கரும்பு, சேலை, ஒண்ணும் குறையில்ல. ஆளு மட்டும் வரல. பொங்கல் முடிஞ்ச மறுநாளே அக்கா விளாத்திகுளம் பஸ் ஏறுனா. கால்ல விழுந்தாவது அண்ணன் மனச ஆத்திட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனா. ரெண்டு நாள் தங்கப் போனவ சாயங்காலமே வந்து நிக்கா. முகம் செத்துப் போய் இருந்துச்சு. ஏசிட்டாவளான்னு கேட்டேன்.

"ஏசியிருந்தாத்தான் நல்லா இருந்திருக்குமே, கிருபை. பொறந்ததுல இருந்து என்னைய 'ஏளா, வா'ன்னு தவிர கூப்பிட்டது கிடையாது. வாசல்ல என்னையக் கண்டதும் எந்திரிச்சு நாற்காலிய எடுத்துப் போட்டு, 'வாங்க, உக்காருங்க'ன்னு சொல்லிட்டாவ."