பதினாலாம் ஆணி

காலையில் தொட்டியை மூடிய கறுப்புத் துணியை விலக்கியதும் தொட்டியக்கா முதலில் பார்ப்பது கடல்முள்ளெலிகளை அல்ல, தொட்டியின் தரையை. கன்னம் கண்ணாடியில் ஒட்டுமளவுக்குக் குனிந்து, இரவில் அவற்றின் முதுகிலிருந்து உதிர்ந்ததை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். சிப்பி, பாசித் துணுக்கு, பாட்டில் மூடி, ஒருமுறை ஒரு பொம்மையின் கை. நீண்ட இடுக்கியால் எல்லாவற்றையும் எடுத்துத் தட்டில் வைத்த பிறகுதான் வாயைத் திறப்பாள். "இன்னைக்கும் குப்பைதான்."

கடல் ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அந்த அறையில் பதினோரு வருஷமாக அவளுக்கு வேலை. பந்துபோல் உருண்ட அந்த முள்ளெலிகளுக்கு வெளிச்சம் ஆகாது. விளக்கைப் போட்டதும், அருகில் அகப்பட்டதை நூல்போன்ற கால்களால் பற்றி, ஒரு கால் இன்னொரு காலிடம் கொடுத்து, உச்சிவரை ஏற்றிக் குடைபோலப் பிடித்துக்கொள்ளும். இருட்டினால் பிடி தளர்ந்துவிடும். அவள் வைத்த பெயர் சீமாட்டிகள். "தொப்பி இல்லாம வெளிச்சத்துல தலையைக் காட்ட மாட்டாங்க." ஒருநாள் விளக்கை அணைக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை தரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு சீமாட்டியும் ஒன்றையும் விடவில்லை.

அவற்றுக்குக் கண் கிடையாது. ஆனாலும் தொட்டியருகே யாராவது போய் நின்றால், நிழல் விழுந்த பக்கமாக முட்கள் மெல்லச் சாயும். வாய் அடியில் இருக்கிறது, ஐந்து பற்கள். மதியம் ஐந்து நிமிடம் மோட்டாரை நிறுத்துவார்கள். அப்போது நாற்பது வாய்கள் கண்ணாடியைச் சுரண்டுவது கேட்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய் நிற்பார்கள். அக்கா அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். "பேச்சுத் துணை இருக்கறப்பவே சாப்பிட்டுடணும்."

முதுகில் இருப்பதைக் கையால் பிடுங்கக் கூடாது; கால்கள் அறுந்துவிடும். தானாக விழுந்ததை மட்டும் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும். எந்தப் பாறையிலிருந்து வந்த முள்ளெலி எதைச் சுமந்தது என்று அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள்.

"இப்படி உத்து உத்துப் பாக்கறீங்களே அக்கா, அதுக்கு மூளையே கிடையாது."

"மூளை இல்லாமயே எவ்வளவு பத்திரமா வச்சுக்குது பாரு. மூளை இருக்கற நாமதான் தொலைச்சுட்டு நிக்கறோம்."

படகுத்துறை அறையில் இருக்கும் பலகையை டாக்டர் பெண்ணும் பார்த்திருக்கிறாள். கடலில் மூழ்கப் போகிறவன் தன் எண் போட்ட பச்சை வில்லையை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொள்வான். கரையேறியதும் திரும்ப ஆணியில் தொங்கவிடுவான். பதினாலாம் ஆணி நான்கு வருஷமாகக் காலி. அது அக்காவின் தம்பியுடையது.

கடைசியாக மூழ்கப் போன அன்று காலை அவன் பெண்டாட்டியோடு சண்டை போட்டு, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். உடல் கிடைக்கவில்லை. வேறு படகில் ஏறிப் போனதைப் பார்த்தேன் என்று யாரோ ஒருவன் சொன்னான். அந்த ஒரு பேச்சை அவன் பெண்டாட்டி இன்னும் விடவில்லை. அவனுடைய பொருள் ஏதாவது கடலிலிருந்து வந்ததா என்று கேட்க, தினமும் ஆறு மணிக்கு நாத்தனாரான அக்காவுக்குப் போன் செய்வாள்.

"ஏதாவது வந்துச்சா அண்ணி?"

"ஒண்ணும் வரலைம்மா."

"அப்பாடா! அப்ப எங்கயோ நல்லாத்தான் இருக்கார். வரட்டும், வச்சுக்கறேன்."

போன புதன்கிழமை, தம்பி கடைசியாக இறங்கிய பாறையிலிருந்து ஒரு கூடை முள்ளெலிகள் வந்தன. சாயங்காலம் டாக்டர் பெண் கிளம்பிப் போன பிறகு, அவற்றில் ஒன்று கண்ணாடியில் ஏறி, அக்காவின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. முதுகில் மூன்று சிப்பிகள். அவற்றுக்கு அடியில் வட்டமாக ஏதோ ஒன்று. கால்கள் அதை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, விளக்கின் பக்கம் மெதுவாகத் திருப்பின. பச்சை. பாசி படிந்த பச்சையில் வெள்ளையாக ஒரு ஒன்று, ஒரு நான்கு.

அவள் கையைத் தூக்கினாள். முட்கள் எல்லாம் அவள் கையைப் பார்த்துச் சாய்ந்தன. கையை இறக்கிக்கொண்டாள்.

போன் அடித்தது.

"ஏதாவது வந்துச்சா அண்ணி?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி? கேக்குதா?"

"கேக்குதும்மா. ஒண்ணும் வரலை. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிடாம? அந்த மனுஷன் வர்றப்ப திட்டறதுக்குத் தெம்பு வேண்டாமா?"

போனை வைத்தாள். வழக்கம்போல் ஒரு கை விளக்கின் சுவிட்சுக்குப் போயிற்று. தோளில் கறுப்புத் துணி. அணைத்துவிட்டால் காலையில் அந்த வில்லை தரையில் கிடக்கும். தட்டுக்குப் போகும், நோட்டில் ஏறும்.

கையை எடுத்துவிட்டாள். துணியை நாலாக மடித்து ஸ்டூலின்மேல் வைத்தாள். பிறகு டாக்டர் பெண்ணின் மேசைவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்தத் தொட்டிக்கு நேராக வைத்து, அதையும் போட்டாள்.