பெரிய வியாழனும் அப்பாவின் காலும்

“ஆறாவது படிக்கற புள்ள பேச்சைக் கேட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறதாக்கும்?” என்று அத்தை ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மாத்திரை அட்டையைக்கூட என்னிடம்தான் படிக்கக் கொடுப்பார். அத்தைக்கு மட்டும் என் படிப்பின் மேல் அவ்வளவுதான் நம்பிக்கை.

அப்பா சூலூரில் விசைத்தறி ஓட்டினார். சர்க்கரை வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, கோயிலில் சாமியார் யார் யார் பாதத்தைக் கழுவுவாரோ அந்தப் பன்னிரண்டு பேரில் அப்பாவும் ஒருவர். அம்மா வேட்டிக்குக் கஞ்சி போட்டு வைத்தார். கோயிலில் கழுவப்போகும் காலை வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டு போவதுதான் எங்கள் கோயில் பங்கு மக்களின் வழக்கம். அழுக்குக் காலைச் சாமியாரிடம் நீட்ட யாருக்கு மனம் வரும்?

முந்தைய நாள் அந்த வேலை எனக்கு வந்தது. வலது காலைத் தூக்கித் தேய்த்தபோது பெருவிரலுக்கு அடியில் காசு அகலத்துக்கு ஒரு பள்ளம். விரல் கருத்திருந்தது. நாற்றம் வேறு.

“அப்பா, வலிக்கலீங்களா?”

“ஒண்ணுந் தெரியலையே கண்ணு. தறிக்கிட்ட ஆணி கீணி குத்தியிருக்கும். கோயில் காரியம் முடியட்டும், பாத்துக்கலாம்.”

அத்தை மஞ்சள் அரைத்து அப்பினார். நான் ஆஸ்பத்திரி என்றேன். அத்தை அப்படிக் கேட்டது அப்போதுதான்.

நேரே சாமியாரிடம் ஓடினேன். “சாமி, எங்கப்பா கால் நாறுதுங்க. நாளைக்கு அவரைக் கூப்பிடாதீங்க.” அப்பாவைக் காப்பாற்ற ஓடினேன் என்று வீட்டில் இன்றும் சொல்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. உண்மையில் அத்தனை பேர் முன்னால் மானம் போய்விடுமே என்றுதான் ஓடினேன்.

சாமியார் வந்து காலைப் பார்த்தார். உடனே ஆட்டோ பிடித்தார்.

“நாளைக்கு எம்பட எடத்துல யாருங்க சாமி?” என்றார் அப்பா.

“காலு இருந்தாத்தானுங்க அடுத்த வருசம் கழுவ முடியும். ஏறுங்க.”

கோயமுத்தூரில் டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, “தெரியுதா?” என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் “இல்லீங்க” என்றார் அப்பா. புண்ணில் செத்த சதையை வெட்டியபோதும் முகம் சுளிக்கவில்லை. கடைசியில் விரல் போயிற்று, கால் தங்கியது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டர். கோயிலில் உட்காரவிடவில்லையே என்று அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானோ, எங்கப்பாவைப் போல் தைரியசாலி சூலூரிலேயே இல்லை என்று வகுப்பெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அது தைரியமல்ல, சர்க்கரை அந்தக் காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது என்பது நர்சிங் படித்தபோதுதான் புரிந்தது. வலித்திருந்தால் அப்பா முதல் நாளே பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்.

படிப்பு முடிந்து இரண்டு வருடம் கோயமுத்தூரில் பாதப் புண் வார்டில் நர்ஸாக இருந்தேன். விரலிடுக்கைப் பார்க்காமல் யாரையும் அனுப்பியதில்லை. வால்பாறை தேயிலை எஸ்டேட்டில் சர்க்கரையோடு நாளெல்லாம் ஈரத்தில் நிற்கிறவர்கள் எங்களிடம் வந்து சேர்வதற்குள் பல நேரம் காலம் கடந்துவிடும். அதனால் மலைமேல் வேலை கேட்டு எழுதிக் கொடுத்தேன். போன திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிட்டேன். தொழிலாளர் குடியிருப்பில் முதல் லைன் வீடுகளில் எல்லோர் காலையும் பார்த்து முடித்தாயிற்று.