ஒட்டுவதற்கு முன் கடிக்கக் கூடாது

யாருடைய பல் உடைந்தாலும் கடைசியில் பழி வந்து விழுவது எங்கள் தலையில்தான். 'லேப்ல சொதப்பிட்டாங்க.' இந்த ஒரு வரியை எத்தனை டாக்டர்கள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்களோ. தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பல் செய்யும் எங்கள் முகத்தை நோயாளிகள் பார்த்ததே கிடையாது. பார்க்காத ஆள்மேல் பழி போடுவது எவ்வளவு வசதி பாருங்கள்.

நான் பீங்கான் பல் செய்கிறவள். தேய்ந்துபோன கடைவாய்ப் பல்லின் மேல் ஒட்டுவதற்கு மெல்லிய பீங்கான் மூடி செய்வதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. வெனியர் என்பார்கள். விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் கனம். "இத்துனூண்டு ஓடு வச்சுக்கிட்டு முறுக்கு கடிக்க முடியுமா?" என்று என் வீட்டுக்காரரே கிண்டல் செய்வார். தாராளமாகக் கடிக்கலாம். தரையில் டைல்ஸ் பதிக்கிற கொத்தனாரைக் கேளுங்கள். அடியில் சிமென்ட் முழுசாகப் பிடித்திருந்தால் அதன்மேல் பீரோவையே நிறுத்தலாம். பதிக்காமல் சும்மா வைத்த டைல்ஸில் காலை வைத்தாலே படக்கென்று போய்விடும். இதுவும் அப்படித்தான். ஒட்டிவிட்டால் பல்லின் பலம் அதற்கும் வந்துவிடும். ஒட்டும்வரை அது வெறும் ஓடு. அதனால் ஒவ்வொரு டப்பாவின் மேலும் சிவப்பு மையில் எழுதியே அனுப்புவேன்: 'ஒட்டுவதற்கு முன் கடிக்கச் சொல்ல வேண்டாம்.' யார் படிக்கிறார்கள்?

போன வருஷம் சேலையூர் கிளினிக் ஒன்றிலிருந்து போன். நான் செய்து கொடுத்த நாலு வெனியரில் இரண்டு, ஒரு மாதத்துக்குள் உடைந்துவிட்டதாம். டாக்டர் நேரில் வரச் சொன்னார். கேம்ப் ரோடு நெரிசலில் ஸ்கூட்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். நாற்காலியில் ஒரு டீச்சரம்மா சாய்ந்திருந்தார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்துக் கடித்தே கடைவாய்ப் பற்கள் மழுங்கிப்போனவர்.

"இவங்கதான் லேப். நீங்களே கேட்டுக்குங்க மேடம்," என்றார் டாக்டர்.

உடைந்த துண்டுகளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உடைந்த விளிம்பிலேயே பசை காய்ந்து கிடந்தது. ஒட்டிய பிறகு உடைந்திருந்தால் விரிசலுக்குள் பசை எப்படிப் போகும்? ஒட்டுவதற்கு முன்பே கீறல் விட்டிருக்கிறது.

"மேடம், ஒட்டறதுக்கு முன்னாடி கடிச்சுப் பார்க்கச் சொன்னாங்களா?"

"ஆமாம்மா. ஹைட் சரியா இருக்கா பார்க்கணும், நல்லா கடிங்கன்னார். டிக்குனு ஒரு சத்தம்கூடக் கேட்டுது. சொன்னேன். ஒண்ணுமில்லைன்னுட்டார்."

டாக்டர் கையுறையை உருவிப் போட்டார். "மெட்டீரியல் மெல்லிசா இருந்தா இப்படித்தான் மேடம் ஆகும். நாலையும் எடுத்துட்டு, பல்லைச் சுத்தி டிரிம் பண்ணி கேப் போட்டுடலாம். அதுதான் ஸ்ட்ராங்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லை முழுசாக மூடுகிற கேப் போட வேண்டுமென்றால் நாலு பல்லையும் சுற்றிலும் ராவிக் குச்சியாக்க வேண்டும். ராவின பல் திரும்ப முளைக்குமா? தப்பு செய்தது ஒருத்தர், தண்டனை அந்தம்மாவின் பல்லுக்கா? மற்ற இரண்டு வெனியரும் அதே வாயில் கல்லு மாதிரி அசையாமல் இருந்தன. அவையும் மெல்லிசுதானே? அவற்றையும் அறுத்தெடுக்கப் போகிறாராம்.

டீச்சரம்மா டாக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. செஞ்சது நீங்கதானே. மெல்லிசா இருந்ததாலதான் உடைஞ்சுதா? கேப்தான் போடணுமா?"

சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பசை படிந்த விளிம்பை அவர் கண்முன்னே நீட்டியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் லேபுக்கு வரும் வேலையில் பாதி அந்தக் கிளினிக்கிலிருந்துதான் வருகிறது. என்னை நம்பி இன்னும் இரண்டு பெண்கள் லேபில் வேலை பார்க்கிறார்கள். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்," என்றேன்.

என் வாயால்தான் சொன்னேன். டாக்டரை இவ்வளவு திட்டுகிறேனே, எனக்கு மட்டும் என்ன யோக்கியதை இருக்கிறது? அந்தம்மா "சரிம்மா, நீங்களே சொல்றீங்க" என்று தலையைச் சாய்த்து வாயைத் திறந்தார். நான் கீழே இறங்கி வண்டியை எடுத்தேன்.

மறுநாள் மதியம் ராவின பற்களின் அளவெடுத்த அச்சு வந்தது. அதில் பிளாஸ்டர் வார்த்து எடுத்துப் பார்த்தால் மேடும் பள்ளமும் எதுவுமில்லாமல் நாலு குச்சிகள். கூடவே டாக்டரின் சீட்டு: 'இந்தத் தடவை கனமாகச் செய்யவும்.' செய்தேன். கச்சிதமாகப் பொருந்தியதாம். டீச்சரம்மா எனக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொன்னாராம்.